சோற்றின் விலை: மைசூர்ப் பகுதியை முன்வைத்து உணவகத் தொழிலின் பொருளியல் வரலாறு

முன்னுரை

தமிழகத்துச் சிற்றூர்ப் பலகாரக் கடைகளின் விலைப்பலகையிலும் மைசூரின் பெயரைக் காணலாம். மைசூர்ப் பாகு, மைசூர் போண்டா, மைசூர் ரசம், மைசூர் மசாலா தோசை எனத் தமிழர் நாவில் நாள்தோறும் வழங்கும் ஊர்ப்பெயர்களுள் அஃது ஒன்று. பண்டங்கள் இவ்வாறு மாநில எல்லை கடந்து வழங்கினும், அவற்றை ஆக்கியும் பரிமாறியும் வாழ்வோரின் தொழில்வரலாறு தமிழாய்வில் மிகுதியாக இடம்பெறவில்லை. காப்பியின் வருகையையும் தமிழ் நடுத்தர வகுப்பாரின் பண்பாட்டையும் இணைத்து ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் ஆய்வு இத்துறைக்கு வழிதிறந்தது. நுகர்வோரைப் பற்றிய அவ்வாய்வுக்குத் துணையாக, உணவு விற்போரின் வரவுசெலவைப் பற்றிய ஆய்வும் வேண்டப்படுகிறது.

உணவகத் தொழிலின் பொருளியல் நிலையை அறிய ஒரு வினா பெரிதும் பயன்படும். ஒரு சாப்பாட்டின் விலை ஏதேனும் ஒரு காரணத்தால் உயராமல் நிறுத்தப்படும்போது, அதனால் நேரும் இழப்பை ஏற்பவர் யார் என்பதே அவ்வினா. அரிசி, எண்ணெய், விறகு அல்லது எரிவாயு, வாடகை, கூலி, வரி ஆகியவை ஏறும். உண்பவர் கொடுக்கும் தொகை அதே அளவில் ஏறாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேயே இத்தொழிலின் வரலாறு நடந்துவந்துள்ளது. பழைய மைசூர்ப் பகுதியை நடுவாகக் கொண்டும் தமிழகத்தை ஒப்புநோக்கியும் அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடுதலும் விற்றலும்

பழந்தமிழ் இலக்கியத்தில் உணவு விற்போர் இடம்பெறுகின்றனர். அப்பம் முதலியன செய்து விற்கும் கூவியரைப் பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் காட்டுகின்றன. சிலப்பதிகாரத்துப் புகார் நகர வருணனையில் காழியரும் கூவியரும் மருவூர்ப்பாக்கத்து வணிகரொடு எண்ணப்படுகின்றனர். எனினும் இவர்கள் விற்றவை பெரும்பாலும் சிற்றுண்டிகளே. சமைத்த சோறு பெரிதும் இடப்படும் பொருளாகவே பேசப்படுகிறது. அட்டிற்சாலையிலிருந்து வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடுவதைப் பட்டினப்பாலை பாடுகிறது. மணிமேகலையில் அமுதசுரபி விலையின்றிச் சோறிடும் கலமாகவே வருகிறது.

இம்மரபு இடைக்காலத்தில் நிறுவன வடிவம் பெற்றது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, மாணவர்க்கு உணவளிக்க நாள்தோறும் அளக்கவேண்டிய நெல்லைக் குறிப்பிடுகிறது. தமிழ்க் கல்வெட்டுப் படிகள் பல பேணப்பட்டுவந்த மைசூர்க் கல்வெட்டுப் பிரிவின் பணியால் இத்தகைய அறக்கொடைகளைப் பற்றிய செய்திகள் ஆய்வுலகிற்குக் கிட்டின. பிற்காலத்தில் தஞ்சை மராட்டியரின் ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரமும், வள்ளலார் 1867இல் வடலூரில் நிறுவிய சத்திய தருமச்சாலையும் இவ்வழியில் வந்தவை.

அறச்சாலையின் பொருளியல் எளியது. நிலக்கொடையின் விளைச்சலோ அன்பர் தரும் பொருளோ அடுப்பை எரியவைக்கும். உண்பவர் கணக்கில் வருவதில்லை. சோற்றை விலைக்கு விற்பது தாழ்வு என்ற எண்ணத்திற்கு இப்பின்னணியே வேர் எனலாம். உணவு வணிகமான பின்னரும் அவ்வெண்ணத்தின் எச்சம் நீங்கவில்லை. துணி விலையேற்றத்தை முணுமுணுப்போடு ஏற்கும் மக்கள், இட்லியின் விலை ஒரு ரூபாய் ஏறினால் அறம் பிழைத்ததாகக் கருதுகின்றனர். ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ என்னும் சிறுகதை (2011) இவ்வெண்ணத்தின் உச்சத்தைக் காட்டுகிறது. திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப் நடத்தும் கடையில் உண்டவர் தம்மால் இயன்றதைப் பெட்டியில் இட்டுச் செல்கிறார். எவரும் கணக்குக் கேட்பதில்லை. அக்கதை தமிழ் வாசகரை ஆழத் தொட்டமைக்கு, இடுதலுக்கும் விற்றலுக்கும் இடையே தமிழ் மனம் இன்றும் ஊசலாடுவதே காரணம் எனக் கருதலாம்.

மைசூரிலும் இம்மாற்றத்தின் அடையாளம் உண்டு. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரரான காகாசுர மாதப்பா மைசூர்ப் பாகை ஆக்கினார் என்பது மரபுச் செய்தி. அவர் வழியினர் நடத்தும் இனிப்புக் கடை சயாஜிராவ் சாலையில் உள்ளது. அரசனின் பந்திக்கு உரியதாயிருந்த பண்டம் காசு கொடுப்போர் எவர்க்கும் உரியதாயிற்று. அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து கடைத்தெருவுக்கு நேர்ந்த இப்பெயர்ச்சி, புதிய உணவகப் பொருளியலின் சுருக்கம் எனலாம்.

இருப்புப்பாதையும் காப்பிக் கடையும்

உணவகம் தனித்தொழிலாக வளர்வதற்கு, வீட்டைவிட்டு வெளியே உண்ணவேண்டிய நிலையிலுள்ள மக்கள்கூட்டம் தேவை. இருப்புப்பாதையும் அரசு அலுவலகமும் கல்லூரியும் நீதிமன்றமும் அக்கூட்டத்தை உருவாக்கின. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலான இருப்புப்பாதை 1880களில் அமைந்தது. வழியிலுள்ள மத்தூரின் வடை, நிலையத்தில் வண்டி நிற்கும் சிறுபொழுதில் விற்கப்பட்டுப் பெயர்பெற்றது. கெடாமல் சில நாள் இருப்பதும், இலையோ கிண்ணமோ வேண்டாது கையில் ஏந்தி உண்ணக்கூடியதும் அதன் சிறப்புகள். போக்குவரத்தின் இயல்பே பண்டத்தின் வடிவையும் வரையறுத்தது என்பதற்கு இது நல்ல சான்று.

மைசூர் அரசின் மலைப்பகுதிகளில் விளைந்த காப்பி இத்தொழிலுக்கு மற்றொரு தூணாயிற்று. தமிழகத்தில் ‘காப்பி கிளப்’ என வழங்கிய கடைகள் பெருகிய காலத்தில், தென்கன்னடப் பகுதியினர் உடுப்பி மடங்களின் சமையல் மரபைப் பெருநகரங்களுக்குக் கொண்டுசென்றனர். மாவல்லி டிபன் ரூம்ஸ் என்னும் உணவகம் 1924இல் பெங்களூரில் யக்ஞநாராயண மையாவாலும் அவர் உடன்பிறந்தோராலும் தொடங்கப்பட்டது. சென்னையில் கே. கிருஷ்ணராவ் 1930களில் உட்லண்ட்ஸ் விடுதியை நிறுவினார். கே. சீதாராமராவின் தாசப்பிரகாஷ் மைசூரிலும் சென்னையிலும் விடுதிகளை நடத்தியது. சென்னைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அமைந்த அதன் பெருவிடுதி 1954இல் திறக்கப்பெற்றது. புலால் உணவு தரும் ‘மிலிட்டரி ஓட்டல்’ என்ற பெயர் மைசூர்ப் பகுதியிலும் தமிழகத்திலும் ஒருசேர வழங்கியது. மைசூரின் அனுமந்து உணவகமும் நசர்பாத்திலுள்ள மைலாரியும் 1930களிலிருந்து வருபவையாக அறியப்படுகின்றன.

இக்கடைகளின் முதலீடு பெரும்பாலும் குடும்பத்தின் உழைப்பே. அண்ணன் அடுப்பிலும் தம்பி கல்லாவிலும் அமர, ஊரிலிருந்து வந்த உறவினர் பரிமாறினர். அவர்க்குக் கூலியைவிட உணவும் உறைவிடமுமே முதன்மையான ஊதியமாயின. மைலாரி போன்ற கடைகளில் பண்டங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. தோசையும் இட்லியும் தவிரப் பிறவற்றை நாடாமையால் வீணாவது குறையும். அடுக்களை சிறிதாக இருந்தால் போதும். வருவோர் எழுந்து செல்லும் வேகமும் கூடும். பெருவிலை வாங்காமல் நெடுங்காலம் நிலைத்த சிறுகடைகள் பலவற்றின் மறைபொருள் இச்சிக்கனமே.

பந்தியும் சாதியும்

தொழிலின் வரவுசெலவில் சாதி ஒரு மறைவான இனமாக இருந்துள்ளது. ‘பிராமணாள்’ என்னும் சொல் பெயர்ப்பலகையில் தூய்மையின் விளம்பரமாகவும், யார் சமைக்கலாம், யார் எங்கே அமரலாம் என்பதற்கான அறிவிப்பாகவும் பயன்பட்டது. தென்னிந்திய இருப்புப்பாதை நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் பெரியாரும் நீதிக்கட்சியினரும் நடத்திய எதிர்ப்பின் விளைவாக 1941இல் நீக்கப்பட்டது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன் திராவிடர் கழகம் நடத்திய மறியல், பெயர்ப்பலகையிலிருந்து அச்சொல்லை நீக்கும் போராட்டத்தின் முதன்மையான நிகழ்வாகும்.

இந்திய அரசமைப்பின் 15ஆம் பிரிவு, பொது உணவகங்களில் நுழைவதற்குச் சாதி முதலியன தடையாதல் கூடாது என்றது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவகத்தில் இடமறுப்பதையும் பொதுப் பாத்திரங்களை மறுப்பதையும் தண்டனைக்குரியதாக்கியது. ஆயினும் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது. ஒடுக்கப்பட்டோர்க்கு உணவகம் நடத்துவது வருவாய்க்குரிய வழியாக எளிதில் அமையாததற்கு, அவர் சமைத்ததைப் பிறர் விலைகொடுத்து உண்ண மறுத்ததே காரணமாயிற்று. கடன் கிடைத்தாலும் இடம் கிடைத்தாலும், உண்பவர் இன்றேல் கடை இல்லை. முதலீட்டுத் தடைகளைப் பேசும் பொருளியல் ஆய்வுகள் இத்தடையையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

பஞ்சமும் விலைக்கட்டும்

1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டதும் தென்னிந்தியாவிற்கு அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசியை நம்பிய உணவகங்கள் தடுமாறின. மாவல்லி டிபன் ரூம்ஸ் தன் வரலாறாகக் கூறுவதன்படி, அரிசித் தட்டுப்பாட்டின்போது ரவையைக் கொண்டு செய்த முயற்சியே ரவா இட்லி ஆயிற்று. தட்டுப்பாடு பண்டத்தின் கலவையையும் மாற்றியது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் ஓட்டலில் பருகும் காப்பியில் சிக்கரி கலந்திருப்பது நகைச்சுவையாக மட்டும் நின்றுவிடவில்லை. அக்காலக் கடைப்பொருளியலின் பதிவாகவும் கொள்ளத்தக்கது.

சென்னை மாகாணத்தில் 1952இல் இராசாசி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1965இல் தலைமையமைச்சர் லால் பகதூர் சாத்திரி வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களை வேண்டியபோது, உணவகங்கள் பல திங்கட்கிழமை மாலைகளில் அடைக்கப்பட்டன. நாட்டின் பற்றாக்குறையில் உணவகம் நேரடியாகப் பங்கேற்ற காலம் அது.

விலைக்கட்டின் விளைவை மிகத் தெளிவாகக் காட்டுவது 1975–77 நெருக்கடிநிலைக் காலம். உணவகங்கள் மிகக் குறைந்த விலையிலேயே பண்டங்களை விற்கவேண்டும் என ஆணையிடப்பட்டது. பண்டத்தின் தரத்தைக் குறைக்காமல் அவ்விலைக்கு விற்க இயலாத மாவல்லி டிபன் ரூம்ஸ் உணவகத்தை மூடி, ரவா இட்லி மாவு போன்ற ஆயத்தக் கலவைகளைப் பொட்டலமிட்டு விற்கத் தலைப்பட்டது. உணவகம் பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. எனினும் பொட்டல வணிகம் தனிப்பெருந்தொழிலாய் வளர்ந்து, 2007இல் நார்வே நாட்டு ஓர்க்லா நிறுவனத்தின் கைக்குச் சென்றது. விலைக்கட்டு இல்லாத பொருளை நோக்கி முதல் நகர்ந்தது என்பதே இந்நிகழ்வு தரும் பாடம். இலையில் இடும் உணவுக்கு விலை வரம்பு விதிக்கப்பட்டபோது, உறையில் இடும் உணவு பிறந்தது. இவ்வாறு தப்பிக்கும் வழி, பெயரும் முதலும் உடைய கடைக்கே வாய்த்தது. தெருமுனைச் சிறுகடைக்கு எஞ்சிய வழிகள் அளவைக் குறைப்பதும் கூலியைக் குறைப்பதுமே.

மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயண் 1967இல் வெளியிட்ட இனிப்பு வணிகர் பற்றிய ஆங்கிலப் புதினம் இச்சிக்கலை மறுபுறத்திலிருந்து காண்கிறது. மால்குடியின் இனிப்புக் கடைக்காரரான ஜகன் மனமாற்றத்தால் விலையைக் குறைத்தவுடன், பிற கடைக்காரர்கள் கலக்கமுற்று அவரை நாடிவருகின்றனர். ஒருவரின் அறச்செயல் மற்றவர்க்கு இழப்பாவதை நாராயண் மென்னகையோடு காட்டுகிறார். விலை என்பது தனிமனிதரின் நல்லெண்ணத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று என்ற உண்மை அங்குப் புலனாகிறது.

இருக்கையும் வாடகையும்

1980களில் பெங்களூரில் தோன்றிப் பரவிய ‘தர்சினி’ வகைக் கடைகள் வேறொரு விடையைக் கண்டன. கல்லாவில் பணம் கட்டிச் சீட்டுப் பெற்று, தாமே பண்டத்தை வாங்கி, நின்றபடி உண்டு செல்வது அங்குள்ள முறை. இருக்கை இல்லாமையால் சிறிய இடத்தில் மிகப்பலர் உண்ணலாம், பரிமாறுவோர் வேண்டுவதில்லை. விலை குறைந்தும் கடை ஆதாயம் ஈட்டியது. குறைந்தது எது என நோக்கின், உண்பவரின் ஓய்வும் பரிமாறுவோரின் வேலைவாய்ப்பும் எனக் கூறலாம். எனினும் அனைவரும் ஒரே மேடைமுன் தோளோடு தோள் நின்று உண்ணும் அமைப்பு, பந்தியின் வேறுபாடுகளைப் பெருமளவு கரைத்தது என்பதும் நினைக்கத்தக்கது.

நகர வாடகையின் அழுத்தம் தொழிலாளர் தாமே நடத்திய நிறுவனத்தையும் விட்டுவைக்கவில்லை. 1930களில் தொடங்கிக் காப்பி வாரியத்தின்கீழ் நடந்த இந்தியக் காப்பி இல்லங்கள் 1950களில் மூடப்படலாயின. பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலனின் ஊக்குவிப்பால், வேலையிழந்த தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து அவற்றை ஏற்றனர். முதற்சங்கம் 1957இல் பெங்களூரில் அமைந்தது. பரிமாறுபவரே பங்குடையவராகும் இவ்வமைப்பு இந்திய உணவகத் தொழிலில் அரியதொரு முயற்சி. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையிலிருந்த அச்சங்கத்தின் புகழ்பெற்ற இல்லம் 2009இல் அவ்விடத்தைவிட்டு நீங்கிச் சர்ச் தெருவுக்கு மாறியது. ஆதாயத்தைப் பெரிதாகக் கருதாத நிறுவனமும் நிலத்தின் விலைக்குத் தப்ப முடியவில்லை.

பணியாளரின் பங்கு

உணவகக் கணக்கில் உரிமையாளர் தம் விருப்பப்படி ஓரளவேனும் குறைக்கக்கூடிய இனம் கூலி ஒன்றே. பருப்பின் விலையை அவர் குறைக்க முடியாது. மேசை துடைப்பவரின் ஊதியத்தைக் குறைக்கலாம். ஆகவே ஒவ்வொரு நெருக்கடியிலும் சுமை இறுதியில் அங்கேயே வந்து நின்றது. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், உணவகப் பணியாளரின் வேலை நேரத்தையும் விடுப்பையும் வரையறுத்த 1958ஆம் ஆண்டுச் சென்னை உணவு நிறுவனங்கள் சட்டமும், 1961ஆம் ஆண்டுக் கருநாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டமும் இதைத் தடுக்க முயன்றன. ஆயினும் விடியுமுன் மாவரைத்து நள்ளிரவில் பாத்திரம் கழுவும் தொழிலில் வேலை நேரத்தை வரையறுப்பதும் கண்காணிப்பதும் எளிதாக இல்லை.

இதில் மிகவும் வருந்தத்தக்கது சிறார் உழைப்பு. சிற்றூர்களிலிருந்து நகரக் கடைகளுக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவர்கள் மேசை துடைப்போராகவும் தேநீர் கொண்டுசெல்வோராகவும் இருந்தனர். ‘பையன்’ என்ற பொதுப்பெயரே அவர்களின் பெயராயிற்று. 1986ஆம் ஆண்டுச் சிறார் உழைப்புச் சட்டம் தொடக்கத்தில் உணவகங்களைத் தன் தடைப்பட்டியலில் சேர்க்கவில்லை. 2006 அக்டோபர் 10 முதலே உணவகம், தேநீர்க் கடை, வீட்டுவேலை ஆகியவற்றில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்துதல் தடைசெய்யப்பட்டது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நகரத்தார் குறைந்த விலையில் அருந்திய தேநீரின் விலையில் ஒரு பகுதியைப் பள்ளி செல்லாத சிறுவர்கள் செலுத்தினர் எனலாம்.

வரியும் பெருந்தொற்றும் செயலியும்

2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, குளிர்சாதன வசதியற்ற உணவகங்களுக்கு 12 விழுக்காடும் அவ்வசதி உள்ளவற்றுக்கு 18 விழுக்காடும் வரி விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே, அவ்வாண்டு நவம்பர் 15 முதல் பெருவிடுதிகளில் அமைந்தவை நீங்கலாக ஏனையவற்றுக்கு 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உண்பவர்க்கு இது நன்மையாயிற்று. ஆனால் குறைக்கப்பட்ட வரியோடு உள்ளீட்டு வரி வரவும் நீக்கப்பட்டது. கடைக்காரர் தம் வாடகைக்கும் வாங்கிய பொருள்களுக்கும் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள இயலாமையால் அது செலவோடு சேர்ந்தது. பெருந்தொகை வாடகை கொடுக்கும் நகரக் கடைகளுக்கே இச்சுமை மிகுதி.

இந்நிலையில் 2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுமையும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. சூன் 8 முதல் உணவகங்களில் அமர்ந்துண்ண நடுவணரசு இசைவளித்தபோதும் தொழில் பழைய நிலையை எய்தவில்லை. இந்திய தேசிய உணவகச் சங்கத்தின் மதிப்பீட்டின்படி 2018–19இல் ஏறத்தாழ 4.23 இலட்சம் கோடி ரூபாயாக இருந்த தொழிலின் அளவு, 2020–21இல் 2 இலட்சம் கோடி ரூபாயாகச் சரிந்தது. 2023–24இல் அது 5.69 இலட்சம் கோடியாக உயர்ந்ததாக அச்சங்கம் மதிப்பிட்டது. இம்மீட்சியை உணரும்போது ஒன்றை மறத்தலாகாது: இடையில் மூடப்பட்ட கடையும் பின்னர்த் திறக்கப்பட்ட கடையும் ஒன்றல்ல. தொகை மீண்டது, தொகைக்குரியோர் அனைவரும் மீண்டிலர்.

மைசூரின் நிலை இன்னும் நெருக்கடியானது. சுற்றுலாவும் தசரா விழாவும் அந்நகர உணவகங்களுக்கு ஆண்டின் அறுவடைக் காலம். 2020இல் தசரா மிக எளிய முறையில் சுருக்கி நடத்தப்பட்டமையால் அவ்வறுவடை பொய்த்தது. 2021 சூனில் இந்திய ரிசர்வ் வங்கி, விடுதி, உணவகம் முதலிய மக்கள் நேரடித் தொடர்புத் தொழில்களுக்குக் கடனுதவியாக 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. வங்கிவழிக் கடன் என்பதால், ஏடும் கணக்கும் முறையாக உடைய நிறுவனங்களே அதனை எளிதில் அணுக முடியும். கையேட்டில் கணக்கெழுதும் சிறுகடைக்கு அது எட்டாக்கனி.

அமர்ந்துண்ண இயலாத காலத்தில் பார்சலே உயிர்மூச்சாயிற்று. பெங்களூரில் 2014இல் தொடங்கிய சுவிக்கியும், வடநாட்டில் 2008இல் தொடங்கிய சொமாட்டோவும் உண்பவர்க்கும் கடைக்கும் இடையே புதிய இடையீட்டாளராயின. செயலிவழி விற்கும் ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒரு பங்கு தரகாகச் செல்கிறது. வாடிக்கையாளரின் பெயரும் விருப்பமும் கடைக்காரரிடம் இல்லாது செயலியிடம் தங்கிவிடுகின்றன. உணவகச் சங்கம் 2021இல் அளித்த முறையீட்டின்பேரில், இவ்விரு நிறுவனங்களின் நடைமுறைகளை விசாரிக்குமாறு இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்பிரலில் ஆணையிட்டது. முன்பு கல்லாவில் அமர்ந்தவர் வருவோரின் முகமறிந்து கடன் கொடுத்தார். செயலியின் கல்லாவில் முகம் இல்லை. மேசையருகே நின்ற பரிமாறுபவரின் இடத்தை மழையிலும் வெயிலிலும் விரையும் இருசக்கர வண்டியோட்டி ஏற்றார். 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இத்தகையோரைத் தனி வகையினராக வரையறுத்தமை ஒரு தொடக்கமாகும்.

சாலை விலகிய ஊர்கள்

இருப்புப்பாதை வளர்த்த வணிகத்தைச் சாலை குறைத்தமைக்குப் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை சான்று. ஏறத்தாழ 118 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை 2023 மார்ச்சு 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. இராமநகரம், சென்னபட்டணம், மண்டியா, சீரங்கப்பட்டணம் ஆகிய ஊர்களை அது புறவழியாக விலக்கிச் செல்கிறது. பிடதியின் தட்டு இட்லிக்கும் மத்தூரின் வடைக்கும் பயணிகள் வண்டியை நிறுத்திய வழக்கம் இதனால் குறைந்தது. பழைய சாலையோரக் கடைகள் விற்பனையிழந்தமை அப்போது பரவலாகப் பேசப்பட்டது. பயணத்தில் மிச்சமான நேரம் பயணியின் ஆதாயம். அந்நேரத்தில் அவர் உண்டிருக்கக்கூடிய வடையும் பருகியிருக்கக்கூடிய காப்பியும் வழியோரத்தாரின் இழப்பு. நாட்டின் வளர்ச்சிக் கணக்கில் முன்னது பதிவாகிறது, பின்னது பதிவாவதில்லை.

அரசு ஏற்ற விலை

மலிவு உணவின் சுமையைத் தொழிலாளர் தலையில் ஏற்றாமல் பொதுநிதியிலிருந்து ஏற்கும் முயற்சியும் இக்காலத்தே நிகழ்ந்தது. சென்னை மாநகராட்சி 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்கும், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும், தயிர்ச் சாதம் மூன்று ரூபாய்க்கும் விற்கப்பட்டன. மகளிர் தன்னுதவிக் குழுவினர் அங்குச் சமைத்தனர். கருநாடக அரசு 2017 ஆகத்தில் பெங்களூரில் தொடங்கிய இந்திரா உணவகம் சிற்றுண்டியை ஐந்து ரூபாய்க்கும் சாப்பாட்டைப் பத்து ரூபாய்க்கும் தந்து, பின்னர் மைசூர் உள்ளிட்ட நகரங்களுக்கும் விரிந்தது. நெருக்கடிநிலைக் கால ஆணையோடு ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். அன்று அரசு விலையை மட்டும் விதித்தது. இங்கு விலையின் குறைபாட்டையும் தானே ஏற்றது. அறச்சாலை மரபின் நிலக்கொடைக்கு நிகராக வரிப்பணம் நின்றது. இம்முயற்சிகளின் நிலைபேறு ஆட்சி மாற்றங்களையும் நிதி ஒதுக்கீட்டையும் சார்ந்திருப்பது இவற்றின் மெலிவாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சோறு இடப்படும் பொருள் என்ற பழைய எண்ணம் இன்றும் விலையேற்றத்திற்கு ஒரு வரம்பாக நிற்கிறது. அவ்வெண்ணம் உயர்ந்தது, எனினும் அதன் செலவை ஏற்கும் நிலக்கொடை இல்லாத இடத்தில் அது வேறொருவர் மீது சுமையாகிறது. இரண்டாவது, போர், பஞ்சம், விலைக்கட்டு, வரி, தொற்று, செயலி ஆகிய ஒவ்வொரு நெருக்கடியிலும் முதலுடையோர் வடிவம் மாற்றித் தப்பினர். சிறுகடைக்காரர் குடும்ப உழைப்பால் தாங்கினர். பணியாளர் ஊதியத்தால் இழந்தனர். மூன்றாவது, கூட்டுறவுக் காப்பி இல்லமும் அரசு மலிவுணவகமும் இச்சுமையைப் பகிர்ந்துகொள்ளும் வேறு வழிகள் உள்ளன என்பதைக் காட்டின.

மதுரைக்காஞ்சி நள்ளிரவு மதுரையைப் பாடும்போது, இனிய பண்டம் செய்து விற்ற கூவியர் களைப்பால் உறங்கிவிழுவதையும் பாடுகிறது. அரசனின் வெற்றியையும் நகரின் செல்வத்தையும் பாடவந்த மாங்குடி மருதனாரின் கண்ணில் அவ்வுறக்கமும் பட்டிருக்கிறது. உணவகத் தொழிலின் அளவை இலட்சம் கோடிகளில் மதிப்பிடும் இக்காலத்து அறிக்கைகளில் அவ்வுறக்கத்திற்கு இடமில்லை. அதனைக் கணக்கிற் கொள்ளும் தொழில்வரலாறு எழுதப்படுமாயின், மைசூர்ப் பாகின் இனிப்புக்குப் பின்னுள்ள உழைப்பும் வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெறும்.